ஒரே கணினியில் பல ஜோடிச் சிமுலேஷன்: மாட்டிக்கொண்டால் எங்கே பார்ப்பது

காற்றோ நீரோ ஓடும் ஓட்டத்துக்கு ஒரு சால்வர் (கணக்குப்போடும் நிரல்), அதன் அழுத்தத்தில் வளையும் கட்டமைப்புக்கு ஒரு சால்வர். இரண்டும் ஒவ்வொரு காலப்படியிலும் அழுத்தத்தைக் கொடுத்து இடப்பெயர்ச்சியை வாங்கிக்கொண்டு சேர்ந்து ஓடும். இப்படி ஒரு ஜோடி தனியாக ஓடும்போது பெரிய தொல்லை இருக்காது. அதையே ஆறு வெவ்வேறு அளவுகளுக்கு ஆறு ஜோடியாக, ஒரே கணினியில், ஒரே நேரத்தில் ஓடவிடும்போதுதான் கூத்து ஆரம்பிக்கும். ஒன்று தொடங்கவே தொடங்காது, இன்னொன்று பாதியில் செத்துப்போகும், மற்றதெல்லாம் நத்தையாக நகரும்.

இந்தக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன்: மாடலில் தப்பு இருந்தது மிகக் குறைவு. ஏதோ இரண்டு ஜோடிகள் தமக்கே தெரியாமல் எதையோ பங்குபோட்டுக்கொண்டிருக்கும். அது ஒரு ஃபோல்டராக இருக்கலாம், ஒரு போர்ட்டாக (நிரல்கள் பேசிக்கொள்ளும் எண்ணிட்ட வாசல்) இருக்கலாம், ஒரு கோராகவோ (சிபியுவுக்குள் இருக்கும் கணக்கு அலகு) லைசென்ஸாகவோ இருக்கலாம். கீழே இருப்பதெல்லாம் அந்தப் பொதுச்சொத்து எது என்று தேடும் வேலைதான்.

## எதையும் தொடுவதற்கு முன்

மூன்று ரன் போட்டுப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு ஜோடி, தனியாக, பத்துக் காலப்படிகள். அதுவே ஓடவில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. மாடலையோ கப்ளிங் அமைப்பையோ (இரண்டு சால்வரையும் இணைக்கும் அமைப்பு) பாருங்கள். அது ஓடினால், அதே ஜோடியை வேறொரு ஃபோல்டருக்கு நகலெடுத்து, இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். அதுவும் ஓடினால்தான் மொத்தக் கூட்டத்தையும் இறக்க வேண்டும்.

இரண்டாவது ரன்னில் மாட்டினால் ஃபோல்டர், போர்ட், கோர் ஒதுக்கீடு ஆகியவற்றில் கோளாறு. இரண்டு ஓடி, ஆறு ஓடவில்லை என்றால் ராம், லைசென்ஸ், வரிசை ஆகியவற்றில் கோளாறு. இதற்குப் பத்து நிமிஷம் ஆகும். அவசரத்தில் இதைத் தாண்டிப்போய் ஒரு முழுநாளைத் தொலைத்த அனுபவம் எனக்கு உண்டு.

## அறிகுறி: தொடங்கவே இல்லை, இரண்டு சால்வரும் காத்துக்கொண்டு நிற்கின்றன

முதலில் ஓர் எச்சரிக்கை. டாஸ்க் மேனேஜரில் சிபியு 100 சதவீதம் காட்டுகிறது, ஆகவே வேலை நடக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஓடும் நிரல்கள் (ப்ராசஸ்கள்) ஒன்றோடொன்று செய்தி பரிமாற உதவும் எம்பிஐ நூலகங்கள் பல, செய்திக்காகக் காத்திருக்கும்போதும் கோரைச் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஓப்பன் எம்பிஐ அப்படித்தான். வேலை நடக்கிறதா என்று தெரிய லாக் ஃபைல் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்று பாருங்கள். அந்த நேரம் நகரவில்லை என்றால் வேலையும் நகரவில்லை.

### துணை உயிரோடு இருக்கிறதா?

இதுதான் சுலபமான காரணம், அடிக்கடி வருவதும் இதுதான். ஓட்டச் சால்வர் காத்திருக்கும்; கட்டமைப்புச் சால்வர் உள்ளீட்டு ஃபைலில் ஓர் எழுத்துப்பிழையால் இரண்டாவது விநாடியிலேயே வெளியேறியிருக்கும். ஆறு ஜோடிகளை ஸ்க்ரிப்ட் மூலம் பின்னணியில் ஓட்டும்போது அந்தப் பிழைச்செய்தி திரைக்கு வராது. ப்ராசஸ் பட்டியலை எண்ணுங்கள். ஆறு ஜோடி என்றால் இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் எது இல்லையோ அதன் லாக்கைத் திறங்கள். ஒவ்வொரு சால்வரின் வெளியீட்டையும் தனித்தனி ஃபைலுக்குத் திருப்பிவிடவில்லை என்றால் இப்போதே அதைச் செய்துவிடுங்கள்.

### பழைய ரன்னின் மிச்சம்

இரண்டு பக்கமும் உயிரோடு இருந்தும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்றால், சந்திப்புக்கான ஃபைலைப் பாருங்கள். பெரும்பாலான கப்ளிங் கருவிகள் தங்கள் முகவரியை ஒரு சிறு ஃபைலில் எழுதிவைத்து, துணை அதைப் படித்து வந்து சேரும்படி வைத்திருக்கின்றன. ப்ரிசைஸில் ‘ப்ரிசைஸ்-ரன்’ என்ற ஃபோல்டர். ஆன்சிஸ் சிஸ்டம் கப்ளிங்கில் எஸ்சிசர்வர் என்ற ஃபைல். போன ரன் இடையில் நின்றிருந்தால் இந்த மிச்சம் அப்படியே கிடக்கும். புதிய ரன் அதைப் படித்து, இல்லாத ஆளின் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

எல்லாச் சால்வரையும் நிறுத்திவிட்டு அந்த மிச்சங்களை அழியுங்கள். அபாகஸ் என்ற கட்டமைப்புச் சால்வரின் எல்சிகே ஃபைல், ஆன்சிஸ் மெக்கானிக்கலின் லாக் (பூட்டு; பதிவு எழுதும் லாக் அல்ல) ஃபைல் போன்ற பூட்டு ஃபைல்களும் இதே வகை. ஒரே நிபந்தனை: அந்த வேலையை நடத்தும் ப்ராசஸ் எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அழிக்க வேண்டும். ஓடுகிற வேலையின் பூட்டை அழித்துவிட்டு அதே பெயரில் இன்னொன்றைத் தொடங்கினால், இரண்டும் ஒரே விடை ஃபைலில் எழுதும். அதை அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

### பாதை இரண்டு பக்கமும் ஒன்றா?

பரிமாற்ற ஃபோல்டரின் பாதையைச் சார்புப் பாதையாக, அதாவது ‘ஒரு படி மேலே’ என்கிற மாதிரி எழுதியிருப்போம். ஓட்டச் சால்வர் ஜோடி ஃபோல்டருக்குள் உள்ள தன் உள் ஃபோல்டரிலிருந்து ஓடும். கட்டமைப்புச் சால்வரை ஸ்க்ரிப்ட் வேறு இடத்திலிருந்து தொடங்கியிருக்கும். இருவரின் ‘ஒரு படி மேலே’ இரண்டு வெவ்வேறு இடங்கள். முழுப் பாதையை இரண்டு பக்கமும் எழுதிச் சோதியுங்கள்.

### இடத்தை ஜோடிகளின் ஒரு பக்கமே அடைத்துக்கொண்டதா?

இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. ஒரு நேரத்தில் ஆறு ப்ராசஸ் மட்டும் ஓடட்டும் என்று ஸ்க்ரிப்டில் வரம்பு வைத்திருந்தேன். வரிசையில் முதலில் ஆறு ஓட்டச் சால்வர்கள், அடுத்து ஆறு கட்டமைப்புச் சால்வர்கள். என்ன ஆகும்? ஆறு ஓட்டச் சால்வர்களும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு துணைக்காகக் காத்திருந்தன. துணைகளோ, உள்ளே இருப்பவர்கள் முடித்து எழுந்தால்தான் இடம் கிடைக்கும் என்று வெளியே வரிசையில் நின்றன. பிழைச்செய்தி எதுவும் வராது. நாள் முழுக்க விட்டாலும் அப்படியே நிற்கும்.

சோதிப்பது எளிது. வரிசை வரம்பை இரண்டு மடங்காக்குங்கள். உடனே ஓடத் தொடங்கினால் இதுதான் காரணம். ஆனால் அதையே தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள்; நாளைக்குப் பன்னிரண்டு ஜோடி போட்டால் மறுபடி மாட்டும். வரிசைக்குள் போகும் அலகு ப்ராசஸாக இருக்கக் கூடாது, ஜோடியாக இருக்க வேண்டும். ஒரு சிறிய ஸ்க்ரிப்ட் இரண்டு சால்வரையும் தொடங்கி, இரண்டும் முடியும்வரை காத்திருந்து, ஒன்று செத்தால் மற்றதையும் நிறுத்தட்டும். வரிசைக்கு அந்த ஸ்க்ரிப்டை மட்டும் கொடுங்கள்.

### விபிஎன், ஃபயர்வால்

மேலே சொன்ன எதுவும் இல்லை, நேற்று ஓடியது இன்று இணையவில்லை என்றால் விபிஎன்னைத் துண்டித்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கணினியின் பெயர் இப்போது வேறு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ஒரே கணினிக்குள் பேசுவதற்கு 127.0.0.1 போதும், கருவி அனுமதித்தால் அதையே எழுதுங்கள். ஃபயர்வால் விதி நிர்வாகியின் கையில் இருந்தால் இங்கே நிறுத்திக்கொண்டு அவரை அழையுங்கள். எந்த எக்ஸிக்யூட்டபிள், எந்தப் போர்ட் வரம்பு என்று எழுதிக்கொண்டு போனால் ஒரே தடவையில் முடியும்.

## அறிகுறி: ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’

விண்டோஸில் 10048, லினக்ஸில் 98 என்ற எண்ணோடு வரும். இது நல்ல பிழை. என்ன கோளாறு என்று தானே சொல்லிவிடுகிறது.

உள்ளீட்டு ஃபைலில் போர்ட் எண் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். முதல் ஜோடியை நகலெடுத்துத்தான் மற்ற ஐந்தையும் உருவாக்கியிருப்பீர்கள். எண்ணும் சேர்ந்தே நகலாகியிருக்கும். ஜோடிக்கு ஒரு போர்ட் என்று பிரித்துக் கொடுங்கள். எந்த எண்ணைக் கொடுப்பது? விண்டோஸ் 49152 முதல் 65535 வரையும், லினக்ஸ் வழக்கமாக 32768 முதல் 60999 வரையும் உள்ள எண்களைத் தற்காலிக இணைப்புகளுக்குத் தானே எடுத்துக்கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த எல்லைக்குள் நிலையான எண் வைத்தால் பத்து நாள் ஓடிப் பதினோராவது நாள் மோதும். 20000-ஐ ஒட்டிய எண்கள் எனக்கு இதுவரை தொல்லை கொடுத்ததில்லை. போர்ட் 0 என்று கொடுத்தால் காலியான ஒன்றைக் கணினியே தேர்ந்தெடுக்கும். உங்கள் கருவி அதை ஏற்றுக்கொண்டு, கிடைத்த எண்ணைத் துணைக்கும் தெரிவிக்கும் என்றால் அதுவே மேல்.

எண்கள் எல்லாம் வேறு வேறு, ஆனாலும் மோதுகிறதா? போன ரன்னின் பேய் ஒன்று பின்னணியில் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ சுவிட்சுகளோடு கொடுத்தால் கடைசிப் பத்தியில் ப்ராசஸ் எண் வரும். லினக்ஸில் எஸ்எஸ் கட்டளைக்கு எல், டி, என், பி. அந்த எண்ணுக்கு உரிய ப்ராசஸை நிறுத்துங்கள். சால்வரின் ஜன்னலை மூடினால் சால்வர் நின்றுவிடும் என்பது எப்போதும் உண்மையில்லை. ஜன்னல் ஒரு ப்ராசஸ், கணக்குப்போடும் என்ஜின் வேறொரு ப்ராசஸ்.

பிடித்துக்கொண்டிருப்பவர் யாருமே இல்லை, வரியில் ‘டைம் வெயிட்’ என்று மட்டும் இருக்கிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். மூடிய இணைப்பைக் கணினி கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்திருக்கிறது. லினக்ஸில் அது 60 விநாடி. இரண்டு மூன்று நிமிஷம் கழித்து ஓட்டுங்கள். ரன்னை நிறுத்திய கையோடு மறுபடி தொடங்கும் ஸ்க்ரிப்டாக இருந்தால் இடையில் ஒரு காத்திருப்பைச் செருகுங்கள்.

## அறிகுறி: ஓடுகிறது, ஆனால் நத்தை வேகம்

தனியாக ஓடும்போது காலப்படிக்கு 40 விநாடி எடுத்த ஜோடி, கூட்டத்தில் 300 விநாடி எடுக்கிறது. கொஞ்சம் மெதுவாவது இயல்பு. எவ்வளவு மெதுவானால் கோளாறு என்பதை ஒரே கணக்கில் பார்க்கலாம்: கூட்டத்தில் ஒரு படிக்கு ஆகும் நேரத்தை ஜோடிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். நான்கு ஜோடி, படிக்கு 96 விநாடி என்றால் சராசரி 24. தனியாக ஓடிய 40-ஐவிட இது லாபம். ஆறு ஜோடி, படிக்கு 300 என்றால் சராசரி 50. ஒவ்வொன்றாக ஓட்டியிருந்தாலே சீக்கிரம் முடிந்திருக்கும்.

### எல்லோரும் ஒரே கோரில் உட்கார்ந்திருக்கிறார்களா?

கோர்வாரியான வரைபடத்தைத் திறங்கள். லினக்ஸில் எச்டாப், விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் லாஜிக்கல் ப்ராசஸர் காட்சி. 16 கோரில் முதல் இரண்டு மட்டும் கொதிக்க, மற்றதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தால் விஷயம் முடிந்தது.

ஓப்பன் எம்பிஐயில் இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஒரு ரன்னில் இரண்டு அல்லது அதற்குக் குறைவான ப்ராசஸ் இருந்தால், ஒவ்வொன்றையும் ஒரு கோரில் ஆணியடித்துவிடுவது அதன் இயல்பு. தனி ரன்னுக்கு அது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு எம்பிஐரன்னும் (ரன்னைத் தொடங்கும் கட்டளை) இந்தக் கணினியில் தான் மட்டுமே இருப்பதாக நினைத்துக்கொண்டு, முதல் கோரிலிருந்து எண்ணத் தொடங்கும். ஆறு ஜோடியும் அந்த இரண்டு கோரிலேயே நெருக்கியடித்து உட்காரும். ‘ரிப்போர்ட்-பைண்டிங்ஸ்’ சுவிட்சைக் கொடுத்தால் யார் எங்கே உட்கார்ந்தார் என்று தொடக்கத்திலேயே அச்சாகும்.

‘பைண்ட்-டு நன்’ என்று கொடுத்து ஆணியைப் பிடுங்குங்கள். பெரும்பாலும் இதுவே போதும். அதற்கு மேலும் ஒழுங்கு வேண்டுமானால் டாஸ்க்செட் கட்டளை மூலம் முதல் ஜோடிக்கு 0 முதல் 3, அடுத்ததற்கு 4 முதல் 7 என்று பாத்தி கட்டிவிடுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் ப்ராசஸை வலது க்ளிக் செய்து அஃபினிட்டி (எந்தக் கோர்களில் ஓடலாம் என்பது) அமைக்கலாம். ஒவ்வொரு முறையும் கையால் செய்ய முடியாது என்பதால், ஸ்க்ரிப்டில் ஸ்டார்ட் கட்டளையின் அஃபினிட்டி சுவிட்சைப் பயன்படுத்துங்கள்.

### த்ரெட்கள் பெருகிவிட்டனவா?

இது நேர் எதிர்க் கோளாறு. எல்லாக் கோரும் 100 சதவீதம் காட்டும், வேலை மட்டும் நகராது. நீங்கள் ஜோடிக்கு இரண்டு ப்ராசஸ் என்று எண்ணியிருப்பீர்கள். ஆனால் சால்வருக்குள் இருக்கும் ஓப்பன்எம்பி, எம்கேஎல், ஓப்பன்பிளாஸ் போன்ற கணக்கு நூலகங்கள், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், கணினியில் இருக்கும் கோர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தாமே த்ரெட் (ஒரு ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலை இழை) போட்டுக்கொள்ளும். 12 ப்ராசஸ், ஒவ்வொன்றுக்கும் 16 த்ரெட்: 16 கோரில் 192 த்ரெட் முட்டிமோதும்.

ஓட்டும் ஸ்க்ரிப்டில் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் என்ற சூழல்மாறியை 1 ஆக்குங்கள். எம்கேஎல், ஓப்பன்பிளாஸ் இரண்டுக்கும் இதே மாதிரி தனித்தனி மாறி உண்டு. அவற்றையும் 1 ஆக்கிவிடுங்கள். ஒன்றில் தொடங்கி, தேவைப்பட்டால் இரண்டுக்குப் போங்கள். மொத்தத் த்ரெட் எண்ணிக்கை உண்மையான கோர் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. டாஸ்க் மேனேஜர் 16 என்று காட்டினாலும் ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் உண்மையான கோர் 8 ஆக இருக்கலாம். கணக்குச் சால்வர்களுக்கு அந்த 8-தான் கணக்கு.

இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல சிப்புகளில் வேகக் கோர், சிக்கனக் கோர் என இரண்டு வகை உண்டு. ஜோடியில் ஒருவர் வேகக் கோரிலும் மற்றவர் சிக்கனக் கோரிலும் அமர்ந்தால், ஒவ்வொரு படியிலும் வேகமானவர் மெதுவானவருக்காகக் காத்திருப்பார். அஃபினிட்டி போடும்போது கனமான சால்வருக்கு வேகக் கோரை ஒதுக்குங்கள்.

### ராம் நிரம்பி டிஸ்க்கில் வழிகிறதா?

லினக்ஸில் விஎம்ஸ்டாட் கட்டளையைக் கொடுத்து எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளையும் பாருங்கள். அவை தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் கணினி ராமுக்கும் டிஸ்க்குக்கும் இடையே தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது. கோர் எத்தனை இருந்தாலும் பயனில்லை. ஜோடிகளைக் குறையுங்கள். ஒரு ஜோடியின் உச்ச நினைவகத் தேவையைத் தனி ரன்னில் அளந்துவைத்தால், மொத்த ராமில் கணினிக்கு ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிட்டு, மிச்சத்தை அதனால் வகுத்து எத்தனை ஜோடி என்று முடிவுசெய்யலாம். தொடக்கத்தில் அளக்காதீர்கள். மெஷ் (மாடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்த வலை) நகரும் கணக்குகளில் உச்சம் பின்னால்தான் வரும்.

### கோர் இருக்கிறது, ராம் இருக்கிறது, இருந்தும் ஏறவில்லை

நான்கு ஜோடிவரை நன்றாக ஏறிய வேகம் ஐந்தாவதில் அப்படியே நின்றுவிடுகிறதா? ராமுக்கும் சிபியுவுக்கும் இடையேயான பாதை நிரம்பிவிட்டது. ஓட்டச் சால்வர்கள் கணக்குப்போடும் நேரத்தைவிட ராமிலிருந்து எண்களை அள்ளிவரும் நேரமே அதிகம். இரண்டு சேனல் ராம் உள்ள மேசைக் கணினியில் நாலைந்து கோருக்குள்ளேயே இந்த எல்லை வந்துவிடலாம்.

இதில் ஒரே ஒரு மலிவான சோதனை உண்டு: ராம் கார்டு ஒன்றே ஒன்று செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் பாதையில் பாதி மூடிக்கிடக்கிறது. அதே வகைக் கார்டு இன்னொன்றைச் சரியான ஸ்லாட்டில் போட்டால் உடனே தெரியும். ஏற்கெனவே இரண்டு இருந்தால், வேறு கணினியைப் பற்றி யோசிக்கும் முன் நான்கு ஜோடியோடு நிறுத்திக்கொண்டு இரண்டு தவணையாக ஓட்டுங்கள். லேப்டாப்பாக இருந்தால், முதல் ஐந்து நிமிஷம் வேகம், பிறகு மந்தம் என்பது வெறும் சூடுதான்.

## அறிகுறி: பாதியில் ஒரு ஜோடி மட்டும் செத்துப்போகிறது

லாக்கைத் திறந்தால் ‘இணைப்பு முறிந்தது’, விண்டோஸில் 10054 என்று இருக்கும். உடனே நெட்வொர்க்கைத் தோண்டத் தொடங்கிவிடுவோம். நிதானியுங்கள். அது உயிரோடு இருப்பவரின் அலறல். செத்தவர் சத்தமில்லாமல் போயிருப்பார். துணையிடமிருந்து பதில் வராததால் இவர் கத்துகிறார். இரண்டு லாக்கின் கடைசி வரிகளின் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் முதலில் நின்றாரோ அவருடைய லாக்தான் உங்களுக்கு வேண்டும். பெரும்பாலும் அதில் பிழையே இருக்காது, வாக்கியம் பாதியில் அறுந்திருக்கும்.

அப்படி அறுந்திருந்தால் வெளியேற்றக் குறியீட்டை (ப்ராசஸ் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) பாருங்கள். லினக்ஸில் 137 என்றால் யாரோ வலுக்கட்டாயமாகக் கொன்றிருக்கிறார்கள். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் நினைவகம் தீர்ந்தபோது இயங்குதளத்தின் மையமான கெர்னல்தான். டிமெசேஜ் கட்டளையில் ‘நினைவகம் தீர்ந்தது, இந்த எண் ப்ராசஸ் கொல்லப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதிகம் தின்றவரைத்தான் கெர்னல் பலியிடும் என்பதால், எப்போதும் பெரிய மெஷ் உள்ள ஜோடியே சாகும். பாவம், அந்த மாடலைத்தான் நாம் சந்தேகப்படுவோம். விண்டோஸில் ஈவென்ட் வியூவரில் ரிசோர்ஸ் எக்ஸாஷன் டிடெக்டர் என்ற மூலத்தில் 2004 என்ற எண்ணைத் தேடுங்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, மேலே சொன்ன ராம் கணக்கு.

139 அல்லது விண்டோஸில் -1073741819 என்றால் ப்ராசஸ் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. அதே ஜோடியைத் தனியாக, அதே படிவரை ஓட்டுங்கள். தனியாகவும் அங்கேயே செத்தால் சால்வரிலோ உங்கள் யூசர் சப்ரூட்டீனிலோ பிழை. கூட்டத்தில் மட்டும் சாகிறது என்றால் பொதுவான தற்காலிக ஃபோல்டரைப் பாருங்கள். எல்லா ஜோடியும் ஒரே டெம்ப் ஃபோல்டரில், ஒரே பெயரில் எழுதினால், ஒருவர் முடித்து அழித்தது இன்னொருவரின் ஃபைலாக இருக்கலாம். ஜோடிக்கு ஒரு டெம்ப் ஃபோல்டர் அமைத்து, டெம்ப், டிஎம்பி சூழல்மாறிகளை (லினக்ஸில் டிஎம்பிடிர்) அங்கே திருப்பிவிடுங்கள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்பதையும் கையோடு பாருங்கள். காலையில் பார்க்கும்போது இடம் இருக்கலாம்; செத்த ப்ராசஸ் பிடித்துவைத்திருந்த தற்காலிக ஃபைல் அழிந்ததும் அது திரும்பக் கிடைத்திருக்கும்.

கன்டெய்னருக்குள் ஓட்டுபவர்களுக்கு: ‘பஸ் எரர்’ என்று செத்தால் பகிர்வு நினைவகத்தைப் பாருங்கள். டாக்கர் சொல்லாமல் கொடுப்பது 64 எம்பி மட்டுமே. தொடங்கும்போதே அதைக் கூட்டிக்கொடுக்க ஷேர்டு மெமரி அளவுக்கான சுவிட்ச் உண்டு.

எஃப்எம்யு மாதிரிகளை (வேறு கருவியிலும் ஏற்றி ஓட்டும்படி ஒரே ஃபைலாகக் கட்டிய மாடல்கள்) ஒரே நிரலுக்குள் பலமுறை ஏற்றுபவர்கள், அந்த ஃபைலை ஜிப் போல விரித்து மாடல் விவர எக்ஸ்எம்எல்லைத் திறந்து பாருங்கள். ‘ஒரு ப்ராசஸுக்கு ஒருமுறைதான் உருவாக்கலாம்’ என்று பொருள்படும் கொடி உண்மை என்று இருந்தால், த்ரெட் வழியாக இணையாக ஓட்டவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் ப்ராசஸ் வேண்டும்.

எதுவும் பொருந்தவில்லை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஜோடி வேறு வேறு படியில் சாகிறது என்றால் கட்டுரையின் கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: லைசென்ஸ் இல்லை என்கிறது, அல்லது சும்மா காத்திருக்கிறது

இதில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். எத்தனை லைசென்ஸ் வெளியே போயிருக்கிறது என்று எல்எம்ஸ்டாட் கட்டளை காட்டும். செத்த ரன்களின் பேய்கள் பிடித்துவைத்திருந்தால் அவற்றை நிறுத்துங்கள். பிறகு கணக்குப் பாருங்கள். அபாகஸ் டோக்கனை (அதன் லைசென்ஸை எண்ணும் அலகு) எடுத்துக்கொண்டால் 1 கோருக்கு 5, 4 கோருக்கு 8, 8 கோருக்கு 12, 16 கோருக்கு 16. ஒரு வேலையை 8 கோரில் ஓட்டினால் 12 டோக்கன். இரண்டு வேலையை நான்கு நான்கு கோரில் ஓட்டினால் 16. இணையாகப் பிரிக்கப் பிரிக்க டோக்கன் கூடத்தான் செய்யும்.

லைசென்ஸுக்காக வரிசையில் காத்திருக்கும் வசதியை ஜோடி ரன்களில் அணைத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வரிசை வரம்பில் நடந்த அதே கதை இங்கேயும் நடக்கும்: ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் லைசென்ஸை எடுத்துக்கொண்டு, மற்றவருக்குக் கிடைக்காமல், எல்லோரும் நிற்பார்கள். கிடைக்காவிட்டால் உடனே சாகட்டும், ஜோடி ஸ்க்ரிப்ட் சிறிது நேரம் கழித்துத் திரும்ப முயலட்டும். பேயைக் கொன்ற பிறகும் லைசென்ஸ் திரும்பி வரவில்லை என்றால் லைசென்ஸ் சர்வர் நிர்வாகியைக் கூப்பிடுங்கள். சர்வரை மறுதொடக்கம் செய்வது அவர் வேலை. மற்றவர்களின் ரன்களும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

## அறிகுறி: எல்லாம் முடிந்தது, ஆனால் விடையில் ஏதோ இடிக்கிறது

எனக்கு மிகவும் பயமானது இதுதான், ஏனென்றால் எந்தப் பிழைச்செய்தியும் வராது.

ஒருமுறை ஐந்து தடிமன்களுக்கு ஐந்து ஜோடி ஓட்டினேன். எல்லாம் அழகாக முடிந்தன. வரைபடம் போட்டால் தடிமன் கூடக்கூட முனையின் இடப்பெயர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது, எதிர்பார்த்த மாதிரியே. மூன்றாவது புள்ளி மட்டும் கோட்டிலிருந்து லேசாக விலகி நின்றது. மெஷ் காரணமாக இருக்கும் என்று விட்டுவிடப் போனேன். எதற்கும் பார்ப்போம் என்று மூன்றாவது, நான்காவது ஜோடிகளின் லாக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்றாவதன் ஓட்டச் சால்வர் வாங்கிய இடப்பெயர்ச்சியும் நான்காவதன் கட்டமைப்புச் சால்வர் அனுப்பிய இடப்பெயர்ச்சியும் கடைசி இலக்கம்வரை ஒன்று. ஆள் மாறாட்டம்! ஐந்து ஜோடிக்கும் பரிமாற்ற ஃபோல்டர் ஒன்றே. மூன்றாவது ஜோடி தன் முகவரியை எழுதிவைத்த ஃபைலை, துணை படிக்கும் முன் நான்காவது வந்து மேலெழுதியிருக்கிறது. மெஷ் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருந்ததால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜோடியின் பரிமாற்ற ஃபோல்டரும் அந்த ஜோடியின் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். முதல் படி முடிந்ததும், ஒருவர் அனுப்பிய எண்ணும் மற்றவர் வாங்கிய எண்ணும் ஒன்றா என்று ஸ்க்ரிப்ட் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும்.

மாட்லாபின் சிமுலிங்க்கில் இதன் சகோதரன் எஸ்எல்பிஆர்ஜே என்ற கேஷ் ஃபோல்டர். ஒரே ஃபோல்டரிலிருந்து பல மாட்லாப் ஜன்னல்கள் ஓடினால், ஒருவர் கம்பைல் செய்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்ளவோ கெடுக்கவோ வாய்ப்புண்டு. ஃபைல்ஜென்கன்ட்ரோல் கட்டளையால் கேஷ் ஃபோல்டரை ஒவ்வொருவருக்கும் பிரித்துவிடுங்கள்.

எல்லா ஜோடியும் அச்சு அசலாக ஒரே விடை தருகிறது என்றால், அளவை மாற்றும் ஸ்க்ரிப்ட் மாற்றவே இல்லை என்பதுதான் முதல் சந்தேகம். சீரற்ற எண்களைப் பயன்படுத்தும் மாடல் என்றால், விதை கடிகாரத்திலிருந்து எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஒரே விநாடியில் தொடங்கிய ஆறு பேருக்கும் ஒரே விதை கிடைத்திருக்கும். ஜோடி எண்ணை விதையோடு கூட்டிக்கொடுங்கள்.

தனி ரன்னுக்கும் இணை ரன்னுக்கும் பத்தாவது, பன்னிரண்டாவது இலக்கத்தில் மட்டும் வேறுபாடு என்றால் அது கோளாறே இல்லை. கூட்டல் வரிசை மாறினால் தசமக் கடைசி மாறும். ஆனால் அந்தச் சிறு வேறுபாடு படிக்குப் படி பெருகி இரண்டாவது இலக்கத்துக்கு வந்தால், கப்ளிங் ஒருங்கவில்லை என்று பொருள். உள் சுற்றுகளின் (ஒரு படிக்குள் விடை ஒத்துவரும்வரை இரண்டு சால்வரும் திரும்பக் கணக்கிடும் சுற்றுகள்) எண்ணிக்கை ஒவ்வொரு படியிலும் உச்சவரம்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் ரிலாக்சேஷனை (புதிய விடையில் எவ்வளவை ஒரு சுற்றில் ஏற்பது என்ற பங்கு) குறைத்தோ காலப்படியைச் சுருக்கியோ தனி ரன்னில் முதலில் சரிசெய்யுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கப்ளிங் கணக்கில் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டும் நேரம் வந்துவிட்டது. ஸ்க்ரிப்டைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது.

## அறிகுறி: இரவு விட்டது, காலையில் கணினியே புதிதாகத் தொடங்கி நிற்கிறது

ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறங்கள். 1074 என்ற எண் இருந்தால் ஏதோ ஒரு நிரல் முறையாக மறுதொடக்கம் கேட்டிருக்கிறது, பெரும்பாலும் அப்டேட். அப்டேட்டைத் தள்ளிவைத்து, தூக்க நிலையையும் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

1074 இல்லாமல் கெர்னல்-பவர் 41 மட்டும் இருந்தால் கணினி சொல்லாமல் விழுந்திருக்கிறது. மின்சாரம் போனதா என்று விசாரியுங்கள். போகவில்லை என்றால், எல்லாக் கோரும் மணிக்கணக்கில் முழுமூச்சில் ஓடும்போது மட்டும் வெளிப்படும் வன்பொருள் பலவீனம்தான் மிச்சம். ஓவர்க்ளாக் செய்திருந்தால், ராமின் எக்ஸ்எம்பி அமைப்பு உட்பட, எல்லாவற்றையும் இயல்புநிலைக்குக் கொண்டுவாருங்கள். ஃபேன், ஹீட்சிங்க்கில் தூசியைத் துடையுங்கள். மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமோடு எடுத்த எந்த விடையையும் நம்ப வேண்டாம்.

மெம்டெஸ்ட் சுத்தமாக வந்தும் 41 தொடர்ந்தால், அல்லது பதிவில் டபிள்யுஎச்இஏ-லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு) வரிகள் தென்பட்டால், அங்கே கை வைக்காமல் வன்பொருள் டெக்னீஷியனிடம் போங்கள். பவர் சப்ளையையும் மதர்போர்டையும் மாற்றிப் போட்டுச் சோதிக்க உதிரி பாகம் வேண்டும். ‘சிமுலேஷன் நிற்கிறது’ என்று மட்டும் சொன்னால் அவர் கணினியைப் போட்டு ஒரு மணிநேரம் சும்மா வைத்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். எத்தனை கோர், எவ்வளவு நேரம் முழுச் சுமையில் ஓடிய பிறகு விழுகிறது என்று எழுதிக்கொடுத்து, பதிவையும் ஏற்றுமதி செய்து, சுமை கொடுக்கும் சிறு ரன் ஒன்றையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.